கருப்பன் வாசலில் இரண்டு வெள்ளைப் பூ

எண்பதுகளின் நடுவில் என் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். புற்று. மிஞ்சிய கால் வயிற்றில் ஒரு இட்டிலிக்கு மேல் இறங்காது. பயம் மட்டும் எவ்வளவு வந்தாலும் இறங்கும்.

அந்தப் புற்று ரத்தத்தில் ஒருவகைப் புரதத்தைக் கசியவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அளந்தபோது எனக்கு அது எக்கச்சக்கம். வெட்டிய பிறகு இறங்கியிருந்தால் நல்ல குறி. ஏறியிருந்தால், உள்ளே எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மறுபடி எடுத்த ரத்தம் மெட்ராசுக்குப் போயிற்று. பதில் ஒட்டிய உறையில் வந்தது. சாயங்காலம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான் காலையிலேயே மச்சானை இழுத்துக்கொண்டு அழகர்கோவில் பஸ் ஏறினேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். பேரையூரில் பருத்தி விவசாயம். எனக்குத் துணையாக வந்திருந்தார்.

"உறையைப் பிரிச்சாத் தெரிஞ்சிருமே மாப்ள. எதுக்கு அம்புட்டுத் தூரம்?"

"கருப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிரிப்போம் மச்சான்."

பூக்கட்டிப் பார்ப்பது என் யோசனை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். மச்சான் எடுப்பது வெள்ளையாக இருந்தால் புரதம் இறங்கியிருக்கிறது. அவர் தேங்காய் வாங்கப் போன நேரத்தில் நந்தியாவட்டையை மடித்தேன். அடுத்துச் சிவப்பு அரளியைக் கையில் எடுத்தேன்; மடிக்க மனசு வரவில்லை. கீழே போட்டுவிட்டு இரண்டாவதிலும் நந்தியாவட்டையையே வைத்தேன்.

பதினெட்டாம்படிக் கருப்பன் வாசல், பொய்ச் சத்தியம் செய்யக் கொலைகாரனும் நடுங்குகிற இடம். சாமியாகவே கும்பிடுகிற அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால்தான் நான் கள்ளாட்டம் ஆடினேன்.

மச்சான் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! கன்னத்தில் போட்டுக்கொண்டவர், மற்றதையும் பிரிக்கக் கை நீட்டினார்.

"அது எதுக்கு மச்சான், கிடக்கட்டும்" என்றேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. பிரித்துவிட்டார்.

"ஏய்யா, கருப்பன்கிட்டயேவா?"

"சிவப்பு வந்துட்டா என்ன செய்வேன் மச்சான்?"

அவர் என் சட்டைப்பையிலிருந்து உறையை உருவிக் கிழித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த பழைய தாளையும் என்னிடம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாப்ள, இறங்கிருச்சு. பழசுல பாதிகூட இல்ல."

அழுதேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அடுத்த பயம் வந்தது. "கோவத்துல கருப்பன் திரும்ப ஏத்திவிட்டுட்டா?"

"அவருக்கு வேற சோலி இல்ல பாருங்க!"

டாக்டரும் முழுசாக நிம்மதி தரவில்லை. இறங்கியது நல்லதுதான், இதை மட்டும் வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த உறை வந்தபோது கருப்பனைத் தொந்தரவு செய்யவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நானே பிரித்தேன். அவசரத்தில் தாள் சரியாக அந்த எண்ணுக்கு நடுவே கிழிந்தது. இரண்டு துண்டையும், இந்தத் தடவையும் துணைக்கு வந்திருந்த மச்சானிடம் நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.