மூன்று புளியங்கொட்டையும் ஒரு கடிதமும்

"எங்கடை ஆக்களின்ரை நாக்குக்கு உந்தப் பாஷை சரிவராது பிள்ளை."

நான் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த அன்று பெரியப்பா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். நானே சொல்லாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு வெங்காயத் தறையில் தோட்ட வேலைக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். ஆகவே அந்த நாக்கு விசயத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை.

யாழ்ப்பாண நகரில் நடந்த அந்த வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். பிரான்சிலே ஒரு வருடம் பிரெஞ்சு படிக்கப் போவதுதான் எல்லோருக்கும் ஆசை. அதற்கு ஆசிரியையின் கடிதம் வேண்டும். அவர் பிரான்சில் இருந்து வந்தவர், நல்லவர், சட்டம் என்றால் சட்டம். கடிதம் வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒரு கிராமத்தில் தங்கி, பிரெஞ்சு மட்டும் பேச வேண்டும் என்றார். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை தருவார். வாயில் தமிழ் வந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றும் போனால் கடிதம் இல்லை.

கிராமம் எது என்று கேட்டோம். இணுவில் என்றார். யாருக்காவது அந்த இடம் தெரியுமா என்று கேட்டபோது நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாடகைக்கு எடுத்த வீடு, கனடாவுக்குப் போன ஒருவருடையது, எங்கள் ஊரிலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. மற்றவர்கள் கண்ணில் படுவதற்கெல்லாம் சொல் தேடித் தடுமாறும்போது, கிணறு, நாற்று, புகையிலை எல்லாவற்றுக்கும் நான் முதலே சொல் பாடமாக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? அம்மாவுக்கும் இடத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சோற்றுப் பானையோடு வந்து நிற்பார்.

சனிக்கிழமை காலை வான் வண்டியிலிருந்து இறங்கியதும் காலில் முள் குத்தியது. "ஐயோ" தமிழ்தான் என்று ஆசிரியை தீர்ப்புச் சொன்னார். இடியப்பத்துக்கு இன்னும் சம்பல் வேண்டுமா என்று சமையல்காரர் கேட்டார். "ஓம்" என்றேன். இரண்டாவதும் போய்விட்டது.

மிஞ்சிய ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு, எல்லோருடனும் தறைப் பக்கம் நடந்தேன். எதிரே சைக்கிளில் பெரியப்பா வந்தார். காலை ஊன்றி நின்று, என்னைப் பார்த்து, மற்றவர்களைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

"சுற்றுலா போறனெண்டெல்லே சொன்னனீ? இஞ்சை என்ன செய்யிறாய்? உதுகள் ஆர்?"

நான் மரியாதையாக "போன்ஜூர், மொஸியே" என்றேன். பெரியப்பா காது கேளாத ஆளிடம் கேட்பதுபோல் உரத்து, திரும்பக் கேட்டார். வெங்காய நாற்று இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் வாயையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் பறந்தார். ஊர் ஆள் ஒருவருடன் துணிந்து பேசியதற்காக ஆசிரியை என்னை மெச்சினார்.

அரை மணித்தியாலத்தில், நாங்கள் தங்கிய வீட்டு வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். ஒரு கையில் செத்தல் மிளகாயும் உப்பும். பின்னால் பெரியப்பா, சட்டியில் தணலோடு. வந்த வேகத்தில் அம்மா என்னைக் கதிரையில் இருத்தி நாவூறு கழிக்கத் தொடங்கினார்.

என்ன நடக்கிறது என்று ஆசிரியை கேட்டார். அம்மாவின் பொத்திய கை என் தலையைச் சுற்றிக்கொண்டிருக்க, கண்பட்டவருக்கு மிளகாய் சுற்றி நெருப்பில் போடும் வழக்கத்தைப் பிரெஞ்சில் விளக்கினேன். கையை நீட்டி "துப்பு" என்றார் அம்மா. மூன்று தரம் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு பிழை வரவில்லை. ஆசிரியை கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

மிளகாய் தணலில் விழுந்ததும் வீடு முழுக்க இருமியது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நாவூறு என்றால் மிளகாய் எரியும்போது கமறக்கூடாது. கமறினால் இது வேறு ஏதோ.

அம்மா மிளகாய்க் கையால் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "உனக்குப் பேச்சு வரேல்லையோ பிள்ளை? ஒருக்கா அம்மா எண்டு சொல்லு."

புளியங்கொட்டை என் உள்ளங்கையில் வேர்த்துப் போயிருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லையம்மா. சோதினை நடக்குது."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே, எருமை!"

உவள் பேசினது உண்மையான பிரெஞ்சுதானா என்று பெரியப்பா மற்றவர்களிடம் விசாரித்தார். எல்லோரும் கொட்டையைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். ஆசிரியை கையை நீட்டினார். கொட்டையைக் கொடுத்தேன். இவ்வளவு நல்ல பிரெஞ்சை இந்த வகுப்பில் கேட்டதில்லை, ஆனாலும் கடிதம் இல்லை என்றார். நான் கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தமிழ் பேசத் தடையில்லை. வீட்டுக்குப் புறப்பட்ட அம்மாவைப் படலையடியில் பிடித்து, இரண்டு விசயம் சொன்னேன்.

மத்தியானம் அம்மா கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் பப்படமும் பாயாசமுமாக வந்தார். நான் சொல்லிவைத்தபடியே ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ ராசா?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிற தாய்க்குப் பிரெஞ்சில் பதில் சொல்ல யாழ்ப்பாணத்தில் யாரால் முடியும்? சோற்றுக்கு ஓம், குழம்புக்கு ஓம், பாயாசத்துக்கு இரண்டு ஓம். ஆசிரியைக்கு முன்னால் கொட்டைகள் குவிந்தன. பின்னேரத் தேத்தண்ணிக்கு எட்டுப் பேரில் ஒருவரிடமும் ஒரு கொட்டை இல்லை.

கடிதம் எழுத ஆளே மிஞ்சாததால், அடுத்த மாதம் இன்னொரு தரம் முயலலாம் என்று ஆசிரியை அறிவித்தார். இந்த முறை மயிலிட்டி.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்று அம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டேன். மீன் வாங்க அங்கே போகிற பெரியப்பாவிடமும், அந்தச் சனியும் ஞாயிறும் மரக்கறி சாப்பிடச் சொல்லிவிட்டேன்.