ஒரே லைனில் பரீனாவின் குரல்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

திருகோணமலைத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட், இழுவைப் படகுக்காரர், ஜெட்டியில் கயிறு கட்டுபவர்கள், அறையில் நாங்கள், எல்லோரும் ஒரே குரல் லைனில்தான் இருப்போம். ஒருவர் சொல்வது எல்லோர் காதிலும் விழும், ஆளாளுக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அதனால்தான் அத்தனை பெரிய கப்பல் அலுங்காமல் வந்து அணையும். அந்த லைனில் எல்லோரும் தேடுவது பரீனாவின் குரலைத்தான். குறிஞ்சாக்கேணி ஊர்ப் பிள்ளை, எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். நான் ஒன்று சொன்னால், "பரீனா, சரிதானே?" என்று அவளிடம் கேட்பார் இழுவைப் படகு ஜெகன் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவள் லீவு. மாமா மகள் மச்சியின் கல்யாணம். இன்றைக்காவது என் குரலைக் கேட்கட்டும் என்று ஹெட்போனை மாட்டினேன். மத்தியானம் மழை கொட்டியது. கப்பல் ஜெட்டியை நெருங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே, முதல் கயிற்றைக் கட்டிவிட்டு நின்றவர்கள் திடீரென்று சிதறி ஓடினார்கள். அடுத்த கணம் கப்பல் கயிறு அறுந்து, அவர்கள் நின்ற இடத்தில் சாட்டை மாதிரி அடித்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"ஆர் சொல்லி ஓடினவங்கள்?" என்று லைனில் கேட்டேன்.

"பரீனாதான் கத்தினவ, கயிறு போகுது, விலகுங்கோ எண்டு. உங்களுக்குக் கேக்கேல்லையே?" என்றார் ஜெகன் அண்ணன்.

பைலட்டுக்கும் கேட்டிருக்கிறது. என் பக்கத்தில் அவளுடைய கதிரை காலி. அதே லைனில் இருந்த எனக்கு மட்டும் மழை இரைச்சல். பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது எரிச்சல். இல்லாத நாளிலும் இவள்தானா?

உடனே அவளுக்கு போன் எடுத்தேன்.

"நீ இப்ப லைனில கதைச்சனியா?"

"இல்லக்கா, நான் கல்யாண வீட்டுல நிக்கிறன்." பிறகு அவளே கேட்டாள். "நீங்கதானே இப்ப என்ட காதுக்குள்ள கத்தினீங்க? கயிறு போகுது, எனக்குச் சொல்ல ஏலாது, நீ சொல்லு பரீனா எண்டு. என்னக்கா நடந்த?"

கயிறு அறுகிற வரை நான் வாயே திறக்கவில்லை. கயிற்றைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் ஜெகன் அண்ணன் பெரிய பாரை மீன் ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அது போகட்டும். அவள் காதில் கேட்டது என் குரல் என்றால், அந்தக் குரல் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏன் அவளிடம் போனது?