ஆடித் தூரியும் புருசன் பேரும்

ஆடி நோம்பிக்கு எங்கள் ஊர்ப் பலாமரத்தில் தூரி கட்டுவார்கள். வடக்கயிறு, உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் கல்யாணமான பெண் ஏறினால் ஒரு வழக்கம் உண்டு. புருசன் பேரைச் சத்தமாகச் சொன்னால்தான் தூரியை நிறுத்துவார்கள். சொல்லாதவரை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இப்போதைய பெண்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஏறும்போதே சொல்லிவிட்டு ஏறுகிறார்கள். நான் அப்படி இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால்கூட அட்டையை நீட்டுவேனே தவிர வாயைத் திறக்க மாட்டேன். அதனாலேயே கல்யாணமானதிலிருந்து தூரியில் ஏறியதில்லை. ஆசை மட்டும் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தூரி மேலே போகும்போதெல்லாம் நானும் குதிகாலைத் தூக்குவேன்.

போன ஆடியில் என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்த வாழவந்தி நாட்டு ஊரிலிருந்து நோம்பிக்கு வந்திருந்தாள். வாய்க்காரி.

"ஏனுங்க அண்ணி, நின்ன எடத்துலயே ஆடறீங்களே, ஏறித்தான் ஆடுனா என்னங்க?"

"அய்யோ, சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பலகையில் உட்கார வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பிறகு மெல்லத் திறந்தால், அடேயப்பா! மிளகுக் கொடியெல்லாம் காலுக்குக் கீழே. மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் வருவது தெரிந்தது. காணோம் காணோமென்று நான் தேடிய முறம் எங்கள் வீட்டுக் கூரைமேல் கிடந்தது.

"அத்தே, பேரு! பேரு!"

"உங்க மாமாதான்டி!"

"ஊர்ல எத்தன மாமா இருக்கறாங்க, எந்த மாமாங்க?"

கீழே ஒரே சிரிப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேரைச் சொன்னால் இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஆட்டம் நமக்குத்தான். வாயை மூடிக்கொண்டு நன்றாக ஆடினேன். தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணி, இவளுகளுக்குக் கையே கழண்டு போச்சு. சொல்லித் தொலைங்க!"

"மாட்டேன். தள்ளச் சொல்லு!"

இது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து தேங்காய்மூடியோடு வந்தார்.

"அண்ணா, உம் பொண்டாட்டிய எறக்க முடியல. பேரு சொல்ல மாட்டேங்கறாங்க."

"அவளா? இந்தப் பொறப்புல சொல்ல மாட்டா சாமி. சோத்த மேலயே குடுத்துடுங்க."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ரோசம். தூரி உச்சிக்குப் போனதும் அவர் பேரை முழுசாகக் கத்தினேன். அதோடு நின்றேனா, அவர் பேருக்கு முன்னால் மாமனார் பேரையும் சேர்த்துக் கத்தினேன்.

வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். காதெல்லாம் சிவந்துபோய், தேங்காய்மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டு, பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெட்கம்!

மருமகள்கள் கயிற்றைப் பிடித்து நிறுத்த வந்தார்கள்.

"உடுங்கடி. அவருக்குச் சரியாக் கேக்கலையாட்டம் இருக்குது" என்றேன். இன்னொரு தரம் மேலே போய், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.