மயிலைக்குப் பசி

இடது காலில் ஒரு கம்பெனிச் செருப்பு, வலது காலில் வேறொரு கம்பெனிச் செருப்பு. இந்தக் கோலத்தில் அங்கப்பன் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பன்னீர் தெளிக்கும் இடத்தில் நிற்கும் யாராவது ஒரு நல்ல மனுஷர் காதோடு காதாகச் சொல்வார்: "ஏனுங்க, செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது." அங்கப்பன் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். "மாறலீங்க. ரெண்டும் ஒண்ணா வாங்கினது. எது மொதல்ல தேயுதுன்னு பாத்துக்கிட்டிருக்கறேன்" என்பார். கேட்டவர் பந்தியில் வேறு வரிசையாகப் பார்த்து உட்காருவார்.

கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனிக்குக் கொள்முதல் பார்ப்பது அவர் வேலை. ரம்பத் தகட்டிலிருந்து டீத்தூள் வரை எதுவும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். விற்க வருகிறவன் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "நோட்டீசுல போட்டிருக்கறதெல்லாம் நோட்டீசு அடிச்சவனுக்குத்தானுங்க நெசம்" என்பதுதான் அவருடைய வேதம். ஆபீசோடு நின்றால் சம்பளத்துக்குச் செய்கிறார் என்று விட்டுவிடலாம். சரவணம்பட்டி வீட்டிலும் இதே கூத்துத்தான். இரண்டு கம்பெனிக் கொசுவத்திச் சுருளை ஒரே நேரத்தில் கொளுத்தி வைத்து நடுவில் உட்காருவார். புகையில் கொசுவும் போகும், வீட்டுக்கு வந்த ஒறம்பரையும் எழுந்து போகும். பேனா வாங்கினால் பழைய பேப்பர் முழுக்கக் கோடு இழுத்து மை தீரும் வரை ஓயமாட்டார். நல்ல பேனா என்று அவர் கண்டுபிடிக்கும்போது எழுதுவதற்குப் பேனா இருக்காது.

அவர் மனைவி சென்னியம்மாள் இதையெல்லாம் சகித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் மட்டும் சொல்லிச் சிரிப்பார். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னைய மட்டுந்தானுங்க சோதிக்காம எடுத்தாரு. பக்கத்துல இன்னொண்ண நிறுத்திப் பாக்கோணும்னு சொல்லாம உட்டாரே, அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்துச்சு."

இத்தனை சோதிக்கிற மனுஷர் ஒருமுறை நன்றாகச் சறுக்கினார். ஊர் ஊராகப் போய்ப் பம்புக்கு ஆர்டர் பிடிக்கிறவர்களுக்கு மழைக்கோட்டு வாங்கவேண்டியிருந்தது. அங்கப்பன் கோட்டை மாட்டிக்கொண்டு, பம்பை ஓட்டிப் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற குழாய்க்கு நேர் அடியில் போய் நின்றார். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வாங்கிவிட்டார்கள். முதல் மழைக்கே கோபாலசாமி என்கிற ஆர்டர்காரர் சத்தியமங்கலம் ரோட்டில் தொப்பலாக நனைந்து, காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தார். "அண்ணா, நீங்க மேல இருந்து தண்ணி உட்டுப் பாத்தீங்க. சத்தியில மழ பக்கவாட்டுல வருதுங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட அங்கப்பனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்தக் காயம் ஆறாத நேரத்தில்தான், தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கலுக்குச் சற்று முன்னால், முதலாளியின் மகன் மனோஜ்குமார் அமெரிக்கப் படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆர்டர்காரர்கள் எல்லாருக்கும் கையடக்கக் கம்ப்யூட்டர் கொடுக்கவேண்டும் என்றார். உடுமலைப்பேட்டைக் கடையில் உட்கார்ந்தபடியே ஆர்டரை அதில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாமாம். மூன்று கம்பெனிகள் மாதிரிக்கு ஒவ்வொன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. திறந்தால் குட்டித் திரை, குட்டிக் குட்டிப் பொத்தான்கள், முதுகில் இரண்டு பேட்டரிக் கட்டை. எதில் கட்டை அதிக நேரம் தாங்குகிறதோ அதையே வாங்குவது என்று பேச்சு. மனோஜ்குமார் மூன்று நோட்டீசையும் படித்துவிட்டுக் கறுப்பு மிஷினைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, ஓட்டிப் பாக்காம எப்புடீங்க?" என்றார் அங்கப்பன்.

"மழைக்கோட்டையும் ஓட்டித்தானே பாத்தீங்ண்ணா?"

அங்கப்பன் குனிந்து தன் செருப்புகளைப் பார்த்தார். மனோஜ்குமாருக்கே பாவமாகப் போய்விட்டது. "சரி, மூணையும் எடுத்துட்டுப் போங்க. பொங்க நோம்பி முடிஞ்சு வந்து சொல்லுங்க. ஆனா இதுவும் தப்பாப் போச்சுன்னா இனிமே சோதனையே வேண்டாங்ண்ணா. நோட்டீசப் பாத்தே வாங்கிக்கலாம்."

அங்கப்பன் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலையை விட்டு நிறுத்தினால் இன்னொரு கம்பெனி தேடிக்கொள்வார். ஒரு சாமானை ஓட்டிப் பார்க்காமல் வாங்கு என்று சொன்னால் அவர் என்னத்துக்கு ஆவார்?

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் பேர் வைத்தார். கம்பெனிப் பேர்கள் வாயில் நுழையவில்லை. காங்கயத்துப் பக்கம் பிறந்த ஆளுக்கு வேறென்ன தோன்றும்? கறுப்பு மிஷின் காரி, சாம்பல் நிறத்தது மயிலை, செம்மண் நிறத்தது செவலை. சந்தையில் மாட்டை நிறம் பார்த்துக் கூப்பிடுகிற அதே பேர்கள். மூன்றையும் டிவிக்குப் பக்கத்து மேசையில் வரிசையாகக் கட்டி நிறுத்தாத குறையாக நிறுத்தி, ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் புதுக் கட்டைகளைப் போட்டார். கட்டையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஒரு சின்னப் படம் திரையின் மூலையில் இருந்தது. அதன்மேல் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டினார். "தன்னப் பத்தித் தானே சொல்லிக்கறது என்ன சாட்சி?"

தொடாமல் விட்டால் மிஷின் தானாகத் தூங்கிப்போகும். தூங்குகிற மாட்டை வைத்துக்கொண்டு உழவு பார்க்க முடியுமா? அங்கப்பன் ஆபீசில் இருக்கும் நேரத்துக்குச் சென்னியம்மாளை நியமித்தார். "அம்மணி, போறப்ப வாரப்ப மூணையும் ஒரு அமுக்கு அமுக்கிப்போட்டுப் போ." சென்னியம்மாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது காரியை ஒரு அமுக்கு, துணி காயப்போடப் போகும்போது மயிலையை ஒரு அமுக்கு என்று பழகிக்கொண்டார். இரண்டே நாளில் அவரும், "இந்தச் செவல கொஞ்சம் சோம்பேறியாட்ட இருக்குதுங்க" என்று குணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோபாலசாமி ஒருநாள் வந்து டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். "அண்ணா, இதயாச்சும் பக்கவாட்டுல பாத்தீங்களா?" என்று கேட்டுவைத்தார். அன்றைக்கெல்லாம் மூன்று மிஷின்களும் ஒருக்களித்துப் படுத்தபடியே ஓடின.

போகிக்கு முன்பே செவலை கட்டை தீர்ந்து படுத்துவிட்டது. மிச்சம் காரியும் மயிலையும். பொங்கல் வைக்கும்போது அடுப்பில் பால் பொங்கியதை அங்கப்பன் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டிப் பொங்கல், மாடுகளுக்கான நோம்பி. வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஓர் எருமை. அதற்கும் கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, அங்கப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழைப்பழத்தை எடுத்துவரச் சென்னியம்மாள் உள்ளே போனார். வெகு நேரம் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து எருமைக்குப் பழத்தை ஊட்டினார். நோம்பிச் சந்தோஷம் என்று அங்கப்பன் நினைத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாயும்போது காரி சத்தமே காட்டாமல் படுத்துக்கொண்டது. மயிலை மட்டும் கம்பீரமாக நின்றது. "பாத்தியா அம்மணி, நோம்பிச் சோறு தின்னாப்பல எத்தன தெம்பா நிக்குதுன்னு!"

"நிக்காதுங்களா பின்ன?" என்றார் சென்னியம்மாள்.

அங்கப்பன் துள்ளிக்கொண்டு போய் மனோஜ்குமாருக்குப் போன் போட்டார். "தம்பி, சாம்பல் மிஷினுதானுங்க! உங்க கறுப்பு முந்திக்கிருச்சுங்க, படுக்கறதுக்கு!" அந்தப் பக்கம் இருந்து, "அப்ப நோட்டீசு பொய்யா? சரிங்ண்ணா, தோத்துட்டேன். நீங்க சொன்னதுக்கே ஆர்டர் போட்டுரலாம்" என்று பதில் வந்தது. அங்கப்பனுக்குத் தலை கால் புரியவில்லை. ஜெயித்த மனுஷன் நோம்பிக்குப் போட்ட படத்தைக் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம் என்று உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினார். டிவி அசையவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி அமுக்கினார். ஊஹூம். பின்மூடியைத் திறந்தால் உள்ளே காலி.

"அம்மணி, இதுல கட்டையெங்க? நோம்பிக்குன்னு புதுசா வாங்கிப் போட்டனே?"

"மயிலைக்குப் போட்டனுங்க."

அங்கப்பன் காலி ரிமோட்டையும் மயிலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல பழம் எடுக்க வந்தனா, கீ கீன்னு ஒரே கத்து. காரி சும்மாதான் இருந்துச்சு, இதுக்குத்தான் பசி பொறுக்கல. அங்க எருமைக்குப் பொங்கலும் பழமும். இங்க பேரு மட்டும் மயிலைன்னு மாட்டுப் பேரா வெச்சுப்போட்டு, பட்டிப் பொங்கலும் அதுவுமா பட்டினி போடுவாங்களா? மனசு கேக்கலீங்க. ரிமோட்டுல இருந்து எடுத்துப் போட்டுட்டேன். பழைய கட்டைய எருக்குழியில வீசியாச்சு. அதான் நீங்களே தெம்பா நிக்குதுன்னு சொன்னீங்களே!"

திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? பேர் வைத்தது யார்? மூலையில் பிளாஸ்திரி ஒட்டிக் கண்ணைக் கட்டிக்கொண்டது யார்? பிளாஸ்திரியை உரித்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்குமே என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. விஷயம் புரிந்ததும் சென்னியம்மாளுக்கும் முகம் வாடிவிட்டது. "நானும் நீங்களும் சொல்லாட்டி ஆருக்குங்க தெரியப் போகுது?" என்றார் மெதுவாக.

வாஸ்தவம்தான், யாருக்கும் தெரியாது. சத்தியமங்கலத்தில் கடைக்காரர் ஆர்டர் சொல்லச் சொல்லத் திரை அணைந்துபோய், மிஷினை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நிற்கப்போகும் கோபாலசாமிக்கு மட்டும் தெரியும். அந்த உறிஞ்சுகிற மூக்கு அங்கப்பன் கண்முன்னால் வந்து நின்றது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

கம்பெனி திறந்த அன்று மனோஜ்குமார் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். ஆர்டர்க் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அங்கப்பன் பையிலிருந்து மயிலையை எடுத்து மேசைமேல் குப்புறப் போட்டு, முதுகைத் திறந்து, இரண்டு சிவப்புக் கட்டைகளையும் வெளியே எடுத்து வைத்தார்.

"இது சோதனைக்குப் போட்ட கட்டையில்லீங்க தம்பி. எங்கூட்டு ரிமோட்டுது."

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், எருமையையும் சேர்த்து. மனோஜ்குமார் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "அப்ப கறுப்புதானே ஜெயிச்சது? நோட்டீசுல போட்டது சரிதானே?" என்றார்.

தோற்றாலும் அங்கப்பன் அங்கப்பன்தானே. "அதெப்புடீங்க சொல்றது? கட்ட கொறையறப்ப மயிலை பசின்னு கத்துச்சு, அவ்வளவுதான். கத்தினதுக்கப்பறம் எத்தன தூரம் இழுக்கும்னு ஆரு பாத்தா? காரி கத்தாத சாதி. எது மேலுன்னு எனக்குத் தெரியாதுங்க." ரிமோட்டுக் கட்டைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்ன சொல்லு சொல்லாவே இருக்கட்டுங்க. இனி நோட்டீசப் பாத்தே வாங்கிக்குங்க."

எழுந்து கதவுப் பக்கம் போனவரை மனோஜ்குமார் கூப்பிட்டார். ஆர்டர்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்து எறிந்துவிட்டு, மூன்று மிஷின்களையும் மேசைமேல் இந்தப் பக்கமாகத் தள்ளினார்.

"மறுக்கா ஓட்டிப் பாருங்ண்ணா. நடுவுல நோம்பி ஏதும் இல்லையே?"

"தைப்பூசம் வருதுங்க."

"மாட்டுக்கா?"

"இல்லீங்க தம்பி. மனுசனுக்குத்தான்."

இப்போது மறுபடியும் டிவிக்குப் பக்கத்தில் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பிளாஸ்திரி இல்லை. எது கத்தினாலும் தொடுவதில்லை என்று சென்னியம்மாள் மாசாணியம்மன்மேல் சத்தியம் செய்திருக்கிறார். அங்கப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று ரிமோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செவலை வழக்கம்போல முதலில் படுத்தாயிற்று. சாயங்காலம் மயிலை கீ கீ என்றது.

"ஏனுங்க, கத்துதுங்க" என்றார் சென்னியம்மாள், சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று.

"கத்தட்டும்."

மறுபடியும் கீ கீ. சென்னியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அங்கப்பன் ஒரு கையால் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் தள்ளினார். இன்னொரு கையை நீட்டி, "பொறு சாமி, பொறு" என்று மயிலையின் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார்.