வயதைச் சாக்காக்க விடாத ஸ்டெல்லா அக்கா

சனிக்கிழமை காலை பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கையில் நம் ஷிப்ட் ரமணி போன் செய்தாள். "நம்ப ஸ்டெல்லா அக்கா பூட்டாங்கடி. தூக்கத்துலயே." ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், நம் மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிரசவ லீவு முடிந்து நான் திரும்பியபோது மேனேஜர் என்னை பேக்கிங்குக்கு மாற்றப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்கு ஞாபகம் தங்காதாம், மீட்டர் பார்க்கிற வேலைக்கு ஆக மாட்டாளாம். நம் லைன் லீடரான அக்கா குரலைக்கூட உயர்த்தவில்லை. "அது பெத்தது கொயந்தைய சார், மூளைய இல்ல. அங்கயே குந்தட்டும்" என்றார். சிரிப்பதா முறைப்பதா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. நான் என் பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன்.

ஐம்பதை ஒட்டி, மாதவிடாய் நிற்கிற வயதில் அக்காவே அப்படிப்பட்ட பேச்சுக்கு ஆளானார். தன் இருக்கைக்குப் பின்னாலிருந்து அனல் அடிக்கிறது, வந்து பாருங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். "உங்க வயசுக்கு அப்படித்தான்மா இருக்கும்" என்று மேனேஜர் ஒரு ஃபேனை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். பையன்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அக்கா மெயினை அணைத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைன் நின்றால் சும்மா இருப்பார்களா? எலக்ட்ரீஷியன் ஓடிவந்து, அக்கா இருக்கைக்குப் பின்னாலிருந்த சுவரோரப் பேனலைத் திறந்தார். உள்ளே ஒயர் உருகிக் கிடந்தது.

"எனக்கும் அந்தச் சூடு வர்து, இல்லன்னு சொல்லல. எது உள்ள இருந்து வர்து, எது பின்னாடி இருந்து வர்துன்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னால் உடனே ஆள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில், "பிள்ளை குட்டி இல்லாத மனுசி, அழ யார் கீறாங்க" என்று ஒரு உறவுக்கார அம்மா முணுமுணுத்தார். அவர் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒரு ஷிப்டே அழுதுகொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்தால் என் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். "வயசுக்கு வந்த பொண்ணு, அப்படித்தான் எரிஞ்சு விழும். கண்டுக்காதே" என்றார் மாமியார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஓட்டப் பந்தயத்துல என் பேர எடுத்துட்டாங்கம்மா. பெரிய பொண்ணாயிட்டேனாம், இனிமே ஓடக் கூடாதாம்."

வயசு என்று தள்ளிவிடாமல், என்ன நடந்தது என்று பார்க்கிற பழக்கம் அக்காவிடமிருந்துதான் எனக்கு வந்தது. அதை விடப்போவதில்லை. நாளை நான் வேலைக்கு வர மாட்டேன், பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.