பார்வைக்கு மாட்டிய ஊஞ்சல்

என் கணவர் குவைத்தில் டிரைவர். கீரனூரில் புதிதாகக் கட்டி விற்ற வீட்டை நான்தான் போய்ப் பார்த்தேன். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக சோபா, கட்டில் எல்லாம் போட்டு, ஹாலில் ஒரு ஊஞ்சலும் மாட்டியிருந்தார்கள். வீடியோ காலில் காட்டினேன்.

"வீட்டோட சேத்து அதையும் கேளு. லீவுல வந்தா அதுலதான் படுப்பேன்" என்றார்.

வீட்டைக் கட்டியவரிடம் கேட்டேன். "அது சும்மா பார்வைக்கு மாட்டுனதும்மா. வேணும்னா வச்சுக்கங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். பார்வைக்கு என்றால் என்ன என்று கேட்கவில்லை.

குடிபோன அன்று பாத்திஹா ஓதி முடிந்ததும் என் அம்மாவை ஊஞ்சலில் உட்கார வைத்தேன். "ஆடிக்கங்க மாமி, மருமகன் வந்துட்டா எடம் கெடைக்காது" என்று என் அண்ணன் மனைவி கேலி செய்தார். அம்மா சிரித்துக்கொண்டே காலை உந்தினார். ஒரு பக்கக் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. அம்மா இடுப்பு அடிபட விழுந்தார்.

கொத்தனார் ஏறிப் பார்த்தார். கொக்கி கான்கிரீட்டில் இல்லை. அழகுக்குப் போட்ட பால்ஸ் சீலிங்கின் தகரத்தில் திருகியிருந்தார்கள்.

அம்மா இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நாலு நாள் இருக்கத்தான் வந்தேன். இப்ப இங்கிட்டே கெடக்குறேன்" என்கிறார் அம்மா.

இப்போது வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் நான்தான் உட்காருகிறேன். போன வாரம் சக்கர நாற்காலி வந்தது. என் முழுக் கனத்தையும் போட்டு உட்கார்ந்து, அசைத்துப் பார்த்தேன். அதன்பிறகுதான் அம்மாவைத் தூக்கி வைத்தேன்.