இருபத்துநாலு வோல்ட்

எங்க பக்கத்து ஊட்டுச் சின்னண்ணன் முப்பது வருசம் லாரி ஓட்டினவர். பஞ்சாப் வரைக்கும் போய் வந்த மனுசன், இப்ப எருமப்பட்டியில சம்சாரத்துக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். அந்தம்மா செல்லியம்மாளுக்கு நுரையீரல் பாதி கெட்டுப்போச்சு. மூக்குல குழாய், பக்கத்துல மூச்சு மெஷின். கரண்டு நின்னா மெஷினும் நிக்கும்.

போன மாசம் பராமரிப்புன்னு காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் மின்தடை அறிவிச்சாங்க. மக ஜெயப்பிரியா பிசிக்ஸ் டீச்சர். முந்தின நாளே கணக்குப் போட்டாள்.

"இன்வெர்ட்டர் பேட்டரியில இருக்கற மின்னூட்டம் நூத்தம்பது ஆம்பியர் அவர், அழுத்தம் பன்னெண்டு வோல்ட். ரெண்டையும் பெருக்கினாத்தான் அது செய்யற வேலை. ஆயிரத்தெண்ணூறு வாட் அவர். மெஷின் மணிக்கு முந்நூறு தின்னும். ஆறு மணி நேரங்கூட முழுசா வராதுங்கப்பா."

"இன்னொரு பேட்டரி மாட்டிட்டாப் போச்சு சாமி" என்றார் சின்னண்ணன்.

தெரிஞ்ச பட்டறையில இருந்து அதே அளவுல லாரி பேட்டரி வந்தது. அவள் மறுபடி பெருக்கினாள். வேலை ரெண்டு மடங்கு, அஞ்சு மணி தாண்டும். காலையில நிம்மதியா ஸ்கூலுக்குப் போயிட்டாள்.

ஒம்பதுக்குக் கொஞ்சம் முன்னால இவர் ஒயரை மாட்டினார். லாரியில மாட்டற மாதிரியே, ஒண்ணோட பிளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ல. பழகின கை வேற எப்படிப் போகும்? அப்படி மாட்டினா ரெண்டோட வோல்ட்டும் கூடி இருபத்துநாலாகும். லாரிக்கு அது வேணும், இந்த இன்வெர்ட்டருக்குப் பன்னெண்டுதான். எப்படி மாட்டினாலும் பெருக்கி வர்ற வேலை ஒண்ணுதான், ஆனா இன்வெர்ட்டர் பெட்டி தாங்கல. டப்புனு சத்தம், கருகின நாத்தம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்த கோவத்துக்கு, "ஏனுங்கண்ணா, மககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?"ன்னு கத்திட்டேன். அதுக்குள்ள கரண்டும் போச்சு. நாங்க முட்டை ஏத்தற வண்டியிலேயே நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். வழியெல்லாம் அந்தம்மா உதடு நீலம் பாஞ்சு கிடந்தது. சின்னண்ணன் அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தார். ஆக்சிஜன் வெச்ச பின்னாலதான் அவங்க கண்ணைத் தொறந்தாங்க, எங்களுக்கும் உசுரு வந்தது.

ஜெயப்பிரியா சாயங்காலம் வந்து அழுதாள். "பெருக்கத் தெரிஞ்ச எனக்கு, ஒயரை எப்படி மாட்டணும்னு சொல்லத் தோணலையே" என்றாள். அவளை என்னன்னு திட்டறது?

இந்த மாசமும் மின்தடை. புது இன்வெர்ட்டர் வந்தாச்சு. அவள் லீவு போட்டு நின்னாள். சின்னண்ணன் ஸ்பேனரை அவள்கிட்ட நீட்டினார்.

கட்டில்ல இருந்து செல்லியம்மாள் மெதுவாச் சொன்னாங்க. "நீ பக்கத்துல நின்னு சொல்லு கண்ணு. அவரே மாட்டட்டும்."